புள்ளி வெடித்த பின்னேரம்

'யாழ்ப்பாணம்' என்ற ஒரே ஒரு சொல்லை எழுதி ஒரு கோப்பில் சேமித்தான் என் மருமகன். "இப்ப பாருங்கோ மாமா" என்று சொல்லிவிட்டுத் தன் விண்டோஸ் லப்டொப்பில் பைத்தான் நிரல்மொழியைக் கூப்பிட்டான். இது எந்தக் குறியேற்றம் என்று சொல்லாமல் கோப்பைத் திறக்கச் சொன்னான். திரையில் நாலைந்து வரி தடதடவென்று வந்து விழுந்தது. 11ஆம் இடத்தில் 141ஆம் எண் பைட் இருக்கிறது, அதற்கு எழுத்தே கிடையாது, என்னால் வாசிக்க முடியாது என்பது கடைசி வரியின் சாரம்.

"என்னடா, ஊர்ப் பேரைச் சொன்ன உடனேயே சண்டைக்கு வருது?" என்றேன்.

"ஊரோட சண்டை இல்லை மாமா. புள்ளியோட."

கொக்குவிலில் அவர்கள் வீட்டு விறாந்தை. ஒரு தட்டில் பருத்தித்துறைத் தட்டைவடை, பக்கத்தில் பிளேன்ரீ. நான் போனது வேறு அலுவலாக. பெரியப்பாவின் கல்வெட்டு ஒரு பழைய சீடியில் இருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், இது கல்லில் வெட்டுவதில்லை. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகம். தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி எல்லாம் இருக்கும். பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவில் இருந்து அதைத் தேடி வாசிக்கக் கேட்கிறார்கள். கோப்போ பாமினி எழுத்துருவில். அதை யுனிகோடுக்கு மாற்ற மருமகன் ஒரு நிரல் நூலகம் எழுதிக்கொண்டிருக்கிறான். மாற்றித் தந்தால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்துப் போன எனக்கு, அந்த நூலகத்தின் சமையலறையையே திறந்து காட்டிவிட்டான். எழும்பி வர இரவு பத்தாகிவிட்டது.

புள்ளிக்கு வருவோம். அவன் கோப்பைச் சேமித்த யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் அந்தக் குறிக்கே உரியது. 'யாழ்ப்பாணம்' கண்ணுக்கு ஆறெழுத்து. கணினிக்குப் பதினொரு குறி, ஆக 33 பைட். புள்ளிக்கு உரியவை 224, 175, 141. விண்டோஸ் கணினியோ, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குச் செய்த 1252 என்ற பழைய அட்டவணையைக் கையில் எடுக்கும். அதில் 256 அறைகள். அவற்றில் ஐந்து அறைகள் வெறுமை: 129, 141, 143, 144, 157. நம்முடைய புள்ளியின் மூன்றாவது பைட் நேரே போய் 141ஆம் வெற்றறையில் விழுகிறது. 0இலிருந்து எண்ணிப் பாருங்கள், 'ழ்' இன் புள்ளி முடிகிற இடம் சரியாகப் பதினொன்று!

மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லிவைத்த காலத்தில் இருந்து வருகிற ஒரு பொட்டு, ஐரோப்பாவுக்காகப் போட்ட அட்டவணையில் ஆளில்லாத அறையைத் தேடிப்போய்க் கதவைத் தட்டுகிறது. நான் சிரித்த சிரிப்பில் வடைத்தூள் விசைப்பலகையில் கொட்டுண்டு போயிற்று.

"இன்னும் ஆக்கள் இருக்கினம்" என்றான். உகரக் குறியின் கடைசிப் பைட் 129. 'ஏ' வின் கடைசி 143. 'ஐ' யின் கடைசி 144. 157க்கு மட்டும் தமிழில் ஆள் இல்லை. இது தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டு வெடி வைத்தோம். நல்லூர்: வெடித்தது. சுன்னாகம்: உகரத்திலேயே போய்விட்டது. கோப்பாய், மானிப்பாய், சாவகச்சேரி: மூன்றும் வெடி. ஏழாலை எல்லாரையும் முந்தியது. முதல் எழுத்திலேயே, 2ஆம் இடத்தில், டமார்.

பிறகு அராலி போட்டோம். சத்தம் இல்லை. நவாலி, சத்தம் இல்லை. கீரிமலை, வேலணை... ஒன்றும் இல்லை. இந்த நாலு ஊரிலும் புள்ளி இல்லை, உகரம் இல்லை, ஏயும் ஐயும் இல்லை! "ஆகா, தப்பிச்சிட்டினம்" என்று கைதட்டினேன். மருமகன் தலையை ஆட்டினான். திரையைத் திருப்பிக் காட்டினான். வேலணை இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு சாய்த்த ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', பவுண்ட் குறி என்று ஒரு கிடுகு வேலி நின்றது.

"வெடிக்கிறது நல்லது மாமா. வெடிக்காமல் போறதுதான் பயம்."

அன்று பின்னேரம் முழுக்க அவன் செய்துகொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியத்தின் வேலைதான். நிரல் எழுதாதவர்களுக்கு எக்செப்ஷன் என்றால் ஒரு தொல்லை. வேலையை நடுவில் நிறுத்துகிற சனியன். நூலகம் எழுதுகிறவனுக்கோ அது வாயில்லாக் கோப்புக்குக் கொடுக்கிற வாய். எங்கே நோகிறது என்று அது சொல்ல வேண்டும்; சரியான இடத்தில் சொல்ல வேண்டும்; திருத்துகிறவனுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டும்.

பைத்தானில் அந்த வாய் எப்படி வந்தது என்பதே ஒரு நல்ல கதை. 2002இல் வால்டர் டோர்வால்ட் எழுதிய 293ஆம் முன்மொழிவு, அடுத்த ஆண்டு வந்த 2.3 பதிப்பில் சேர்ந்தது. வாசிக்க முடியாத பைட் வந்தால் எறியப்படுகிற பிழைக்கு ஐந்து பைகள் தைத்துவிட்டார்கள்: எந்தக் குறியேற்றம், முழு மூலம், பிழை தொடங்கும் இடம், முடியும் இடம், காரணம். அதோடு விடவில்லை. "இந்தப் பிழை வந்தால் என்னைக் கூப்பிடு" என்று உங்கள் சொந்தச் செயற்கூறு ஒன்றைப் பெயர் சொல்லிப் பதிந்து வைக்கலாம். அது பிழையைக் கையில் வாங்கிப் பார்த்து இரண்டு விஷயம் திருப்பித் தர வேண்டும். இந்த இடத்தில் என்ன போடுவது என்பது ஒன்று, எந்த இடத்தில் இருந்து வாசிப்பைத் தொடர்வது என்பது மற்றது. அவ்வளவுதான்! இந்தச் சின்ன ஒப்பந்தத்தின் அழகை மருமகன் மூன்று தரம் சொன்னான். மூன்றாவது தரம் எனக்கும் புல்லரித்தது.

சொந்தமாக எழுதப் பஞ்சி என்றால் ஆயத்தமாகச் சிலர் இருக்கிறார்கள். 'கண்டிப்பு' உடனே நிறுத்திவிடும், அதுதான் இயல்பு. 'புறக்கணி' வாசிக்க முடியாததைத் தூக்கி எறிந்துவிட்டு ஒன்றும் நடவாத மாதிரி நடந்துபோகும். 'பதிலிடு' அந்த இடத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி ஒன்றை வைக்கும். 2009இல் மார்ட்டின் ஃபொன் லோவிஸ் எழுதிய 383ஆம் முன்மொழிவில் வந்தவர் இன்னும் கெட்டிக்காரர். வாசிக்க முடியாத பைட்டை, எழுத்தாக யாரும் பயன்படுத்தாத ஓர் ஒதுக்கிடத்தில் ஒளித்து வைத்துக்கொள்வார். திரும்ப எழுதும்போது அதே பைட்டை அப்படியே வெளியே எடுத்துத் தருவார்.

'புறக்கணி' தான் சுகமாக இருக்கிறதே, ஒரு பைட் போனால் என்ன என்று கேட்க வாய் திறந்தேன். கேட்கவில்லை. 1981 மே 31 இரவு பொது நூலகத்துக்கு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த ஊரில் இருந்துகொண்டு அதைக் கேட்க நாக்கு எழவில்லை. அதோடு, புள்ளி போனால் 'பல்' 'பல' ஆகும், 'கண்' 'கண' ஆகும். பார்க்கிறவனுக்கு ஏதும் போனதாகவே தெரியாது.

இந்தச் சிக்கல் கணினிக்கு முந்தியது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் கையில் இருந்தவை செல்லரித்த ஏடுகள். தொட்டால் உதிரும். பழைய ஏடுகளில் புள்ளி இராது. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்ற வேறுபாடும் இராது. இந்தப் பிழைகளை எல்லாம் எக்செப்ஷன் எறிய ஒரு கணினியும் இல்லாமல் ஆள் கண்ணால் பிடித்தார்கள். அந்தத் தலைமுறைப் பதிப்புகளில் ஏடு சிதைந்த இடத்தைக் கவனித்திருப்பீர்கள்: வரிசையாகப் புள்ளிகள். இங்கே ஏதோ இருந்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதற்கான அடையாளம். கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி அந்தப் புள்ளி வரிசையின் பேரன் என்றேன். மருமகன் அதை ஒரு துண்டில் குறித்துக்கொண்டான். பெருமையாக இருந்தது.

இப்போதுதான் பாமினிக்கு வருகிறோம். இங்கே வேடிக்கை தலைகீழ். பாமினியில் 'தமிழ்' என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைகள். எழுத்துரு மட்டும் அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுவிடுகிறது. விசைகளின் வரிசையைப் பாருங்கள்: ய, ள, ன, க, ப. தட்டச்சு வகுப்புக்குப் போனவர்களின் விரல் தானாக ஆடும்! சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி செய்தார். அந்தப் பரம்பரையின் விசை ஒழுங்குதான் எழுத்துருவுக்குள் குடிபுகுந்து எங்கள் அச்சகங்கள், பத்திரிகைகள், கல்வெட்டுகள் எல்லாவற்றையும் பல காலம் ஆண்டது.

ஆகவே பாமினிக் கோப்பை எந்தக் கணினியும் மறுபேச்சில்லாமல் வாசிக்கும். எல்லாம் சுத்தமான ஆங்கிலப் பைட். ஒரு எக்செப்ஷனும் வராது. பெரியப்பாவின் முழுக் கல்வெட்டும் அராலி, நவாலி மாதிரிச் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். பிழையை எறிய வேண்டிய பொறுப்பு முழுக்க நூலகம் எழுதுகிறவன் தலையில்.

"அப்ப எதை வைச்சுப் பிழை எண்டு கண்டுபிடிப்பாய்?"

"தமிழ் எழுத்திலக்கணத்தை வைச்சு" என்றான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கணினிப் பிள்ளை வாயில் இலக்கணம்!

முதல் பொறி, கொம்பு. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில்தான் விசை தட்டுவது: 'கெ' எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம். யுனிகோடில் ககரம் முன்னே, கொம்பு பின்னே. மாற்றும்போது கொம்பை எடுத்து அடுத்த மெய்க்குப் பின்னால் வைக்க வேண்டும். அடுத்து மெய்யே வராவிட்டால்? கொம்பு நடுத்தெருவில் நிற்கும். அந்தப் பிழைக்கு அவன் வைத்திருக்கிற பெயர் 'அநாதைக்கொம்பு'. பைத்தான் 3இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நிரலில் அந்த வகுப்பு அப்படியே தமிழ் எழுத்தில் நிற்கிறது.

அநாதைக்கொம்பு எங்கே வரும் என்று நினைக்கிறீர்கள்? லண்டனில்! கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளின் மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. அவை ஆங்கில எழுத்துருவில் அடித்தவை. வெற்று உரையாகச் சேமித்தபோது எது எந்த எழுத்துரு என்ற தகவல் போய்விட்டது. மாற்றி பாவம், எல்லாவற்றையும் பாமினி என்றே எண்ணிக்கொள்கிறது. ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதிய லண்டன் 'டழனெழ' ஆகி, கடைசி எழுத்து ஒரு கொம்பாக வாலில் தொங்குகிறது. அடுத்து மெய் இல்லை. பிடிபட்டது கள்ளன்! ரொறன்ரோவைப் போட்டுப் பார்த்தோம். 'வழசழவெழ' என்று ஒழுங்கான தமிழ் எழுத்துகளாக நழுவிப்போயிற்று. கனடாவும் அப்படியே, 'உயயெனய'. லண்டன்காரர் பிடிபட, கனடாக்காரர் தப்பினார்கள். அவர்களுக்கு வேறு பொறி வைக்க வேண்டும் என்று மருமகன் எழுதி வைத்திருக்கிறான். முகவரியின் நடுவில் இருக்கிற சுழித்த 'ஏ' குறியைப் பிடித்து இழுத்தால் வருவார்களாம்.

இரண்டாவது பொறிதான் எனக்கு மிகப் பிடித்தது. 'வெளி' என்ற சொல்லை இணையத்தில் 'வௌி' என்று ஒட்டிப் பிசகிக் கண்டிருப்பீர்கள். 'வௌிநாடு', 'வௌியீடு', ஏன், 'வௌ்ளவத்தை' கூட. கண்ணில் ஏதோ உறுத்தும், என்ன என்று பிடிபடாது. காரணம் இதுதான்: பாமினியில் ஔகாரக் குறியின் வலப்பக்கமும் ளகரமும் ஒரே விசை. கொம்பு, வகரம், ளகரம் என்று வந்தால் அது 'வௌ' ஆகவும் இருக்கலாம், 'வெள' ஆகவும் இருக்கலாம். அவசரக்கார மாற்றிகள் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரம் என்று முடிவெடுத்துவிடுகின்றன. (மறுபக்க அநியாயமும் உண்டு. ஔவையாரை 'ஒ', 'ள' என்று இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிற பக்கங்கள் எத்தனை! கிழவி என்ன பாவம் செய்தாள்?)

பொறி எளிது. ஒரு மெய்க்கு ஓர் உயிர்க்குறிதான் உண்டு. ஔகாரம் போட்ட பிறகு பின்னாலேயே இகரக் குறியோ புள்ளியோ வந்தால், அங்கே இருந்தது ஔகாரம் அல்ல, ளகரம். 'கௌரவம்' தப்பும், 'கெளிறு' மீனும் தப்பும். இதற்கு அவன் வைத்த பெயர் 'இரட்டையுயிர்'. இந்த ஒரு விதியை மட்டும் போட்டு ஓட்டியபோது கல்வெட்டு முழுக்கச் சிக்கியிருந்த 'வெள்ளி', 'வெளி', 'தெளிவு', 'பிள்ளையார் கோவில் வெளிவீதி' எல்லாம் மளமளவென்று நிமிர்ந்து நின்றன. விறாந்தையில் நாங்கள் போட்ட கூச்சலுக்கு அக்கா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தா.

நிமிர்த்தியதையும் அவன் சத்தமில்லாமல் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். திருத்திய இடம் ஒவ்வொன்றுக்கும் பக்கம், வரி, மூல விசைகள், மாற்றிய சொல் என்று ஒரு குறிப்பு விழுகிறது. "தானாத் திருத்தினதுக்கு எதுக்கடா இவ்வளவு கணக்கு?" என்று சலித்துக்கொண்டேன்.

"வம்சாவளி மாமா. ஆக்களின்ர பேர் கிடக்கு. நான் நல்லது செய்யிறன் எண்டு ஒரு எழுத்தை மாத்திவிட்டா, ரொறன்ரோவில இருக்கிற பிள்ளை இல்லாத ஒரு பூட்டனைத் தேடும்."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குச் சண்டை வந்தது. அவனுடைய நூலகம் முதல் பிழையிலேயே நின்றுவிடும். தேநீர் ஆற ஆற நான் பார்த்தேன்: திருத்து, ஓட்டு, அடுத்த பிழை, திருத்து, ஓட்டு. நாற்பது பக்கக் கல்வெட்டுக்கு இது கட்டுமா? அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர் ஒவ்வொரு பிழைக்கும் எழும்பி ஓடுவதில்லை. பக்கம் முழுக்க ஓரத்தில் குறித்து, மொத்தமாகக் கொடுப்பார். அதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ஒரு 'மெய்ப்பு' முறை சேர்த்தான்: பிழைகளை எறியாமல் பொறுக்கிச் சேர்த்துக் கடைசியில் ஒரே கட்டாக எறியும். ஆனால் இயல்பாகக் கண்டிப்புத்தான் இருக்க வேண்டும், மெய்ப்பு வேண்டியவர் கேட்டு வாங்கட்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. என் தீர்ப்பு: அவன் சொன்னது சரி. கேட்காமலே தளர்வாக இருக்கிற நூலகத்தைப் பாவிக்கிறவருக்குத் தான் என்ன இழக்கிறார் என்று தெரிய வழியே இல்லை.

மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் காட்டினான். பல நாட்டுத் தமிழர் சேர்ந்து வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நூலகத்தில், ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கிற பகுதி உண்டு. சொல்லின் தொடக்கத்திலேயே மெய் இல்லாமல் ஓர் உயிர்க்குறி மட்டும் வந்து நின்றால் என்ன செய்வது? அது எறியவில்லை, அந்தக் குறியையே ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டு மேலே போகிறது. அந்த வரிக்குப் பக்கத்தில், இது விநோதமான நிலைமை என்று எழுதியவரே ஒரு குறிப்புப் போட்டிருக்கிறார். அதே நூலகத்தில் உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரிக்கிற பகுதியோ, யுனிகோடு அல்லாத சரத்தைக் கொடுத்தால் உடனே பிழையை எறிந்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு குணம். குறை சொல்ல மாட்டேன். எழுத்தை எண்ணுகிறவனுக்குப் பொறுமை வேண்டும், பிரித்துப் புணர்த்துகிறவனுக்குக் கண்டிப்பு வேண்டும்.

ஒன்பதரைக்குக் கல்வெட்டு முழுக்க ஓடி முடிந்தது. மிஞ்சிய பிழைகள் மூன்று. இரண்டு மின்னஞ்சல் முகவரி. மூன்றாவது வம்சாவளியில் ஒரு பெயர்: நடுவில் ஓர் அநாதைக்கொம்பு, அதன் பின்னால் ஓர் இடைவெளி. சீடியில் இருந்த கோப்பே அப்படித்தான் இருந்தது. நாங்கள் இருவரும் ஊகித்துப் பார்த்தோம். மூன்று பெயர் பொருந்தியது. அவன் ஒன்றையும் போடவில்லை. அந்த இடத்தில் சாய்சதுரத்தை வைத்து, மூல விசைகளைப் பக்கத்தில் எழுதி, என்னிடம் தந்தான். "பெரியம்மாவைக் கேளுங்கோ மாமா, எனக்குத் தெரியாது."

ஊர்ப் பெயர் வெடிக்கிற வித்தையை நீங்களும் பார்க்க விரும்பினால் 3.15க்கு முந்தைய பைத்தானில் பாருங்கள். பைத்தான் 3.15இலிருந்து யூடிஎஃப்-8 தான் இயல்பு என்று 686ஆம் முன்மொழிவில் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு யாழ்ப்பாணம் வெடிக்காது. இன்னொன்று. உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு சீடி கிடக்கும், பாமினியில் அடித்த ஒரு கல்வெட்டோ கோவில் மலரோ பாடசாலை மலரோ அதில் இருக்கும். யுனிகோடுக்கு மாற்றுங்கள், 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுங்கள். மாற்றிய பிறகு பழைய கோப்பை மட்டும் அழித்துப்போடாதேங்கோ.